எங்கள் ஆட்டத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மறக்க முடியாத கால்பந்து ஆட்டம்' என்று வாசகர்களிடம் கேட்டு வாங்கி நீங்கள் வெளியிட்ட பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுதிய அத்தனை பேரும் டிவியில் பார்த்த ஆட்டத்தையே எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு மரடோனா, ஒருவருக்கு ஜிடேன், இன்னொருவருக்கு 2022 கத்தார் இறுதி ஆட்டம். தன் ஊரில் கோட்டுக்கு வெளியே நின்று, கத்தித் தொண்டை கட்டிப்போய்ப் பார்த்த ஆட்டம் என்று ஒன்றுகூட இல்லை.

மண்டபத்திலிருந்து பெரியபட்டினம், கீழக்கரை என்று கடலோரமாக ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். வடக்கே பனைக்குளம், சித்தார்கோட்டை பக்கமும் போய்ப் பாருங்கள். தென்னந்தோப்புக்கு நடுவிலும் தரவை என்கிற வெட்டவெளியிலும் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய அப்பாவும் அங்கேதான் உதைத்தார். இவர்களுக்கெல்லாம் மறக்க முடியாத ஆட்டம் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. எழுதத்தான் கூச்சம். 'அது எந்த வருடம், எத்தனைக்கு எத்தனை?' என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது. அதனால் எல்லாரும் மரடோனாவை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நான் மண்டபத்துக்காரன். மீன் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத்துத் தடுப்பாட்டக்காரன். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல மாட்டேன். ஊரில் இடது கால்காரன் யாரும் இல்லாததால் இடம் கிடைத்தது. இப்போதும் சாயங்காலமானால் டீக்கடையில் நாலு பேர் கூடிவிடுவோம். எங்கள் சென்டர் ஃபார்வர்டு, கீப்பர் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்), எந்த அணியிலும் ஆடாமல் எல்லா ஆட்டத்துக்கும் வந்த ஐஸ் கம்பெனிக்காரர், நான். இறால் வாடா, டீ, அப்புறம் சண்டை.

உலகக் கோப்பைச் சண்டை என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். 1986-ல் பிரான்ஸோடு ஆடியபோது பிரேசிலுக்கு பெனால்டியை விட்டது ஜீகோவா, சாக்ரடீஸா என்று ஒருநாள் குரல் உயர்ந்தது. காக்காவின் பேரன் செல்போனைத் தட்டினான். ஆட்ட நேரத்தில் விட்டது ஜீகோ. கடைசியில் பெனால்டி அடித்துத் தீர்க்கும்போது விட்டது சாக்ரடீஸும் ஜூலியோ சீசரும். பிரான்ஸில் பிளாட்டினியே மேலே தூக்கி அடித்திருக்கிறார். 4-3. டீ ஆறுவதற்குள் வழக்கு முடிந்தது. ஆனால் எங்கள் ஊரில் நாங்களே ஆடிய ஒரு ஆட்டத்தின் ஸ்கோர் என்ன என்ற சண்டை முப்பது வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அதில் பேரனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

டிவி இல்லாத காலத்தில் உலகக் கோப்பை எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1978-ல் அர்ஜென்டினாவும் ஹாலந்தும் ஆடிய இறுதி ஆட்டம் ரேடியோவில். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை வைத்துச் சிற்றலையைத் திருகினார். நம் நேரத்துக்கு ராத்திரி 11.30 மணிக்கு ஆரம்பம். ஆங்கில வர்ணனை, அதிலும் பாதி இரைச்சல். எங்களுக்குப் புரிந்தது 'கெம்பஸ்' என்ற அர்ஜென்டினா ஆட்டக்காரர் பெயரும் கூட்டத்தின் சத்தமும்தான். 1-1 என்று இருக்கும்போது கடைசி நிமிடத்தில் ஹாலந்தின் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து போஸ்ட்டில் பட்டது. வர்ணனையாளர் போட்ட கூச்சலில் கோல் என்றே நினைத்துவிட்டோம். கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா இன்னும் இரண்டு போட்டு 3-1. அன்று முதல் எங்கள் சென்டர் ஃபார்வர்டு அர்ஜென்டினா கட்சி. அவரோடு ஒத்துப்போகக் கூடாது என்பதற்காகவே நான் பிரேசில் கட்சி ஆனேன். இந்தக் காரணத்தை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

1982-ல் பிரேசில் இத்தாலியிடம் 3-2 என்று தோற்ற ஆட்டத்தை நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. படித்தேன். ராமேஸ்வரம் ரயிலில்தான் எங்களுக்குப் பேப்பர் வரும். பவுலோ ரோசி மூன்று கோல். சாக்ரடீஸும் ஃபால்காவும் இரண்டு முறை சமன் செய்தும் ரோசி விடவில்லை. டிரா ஆனாலே பிரேசில் அரையிறுதிக்குப் போயிருக்கும், அப்படியும் முன்னேறி முன்னேறி ஆடிக் கெடுத்துக்கொண்டார்கள். முடிகிற நேரத்தில் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை நாற்பது வயதுக் கீப்பர் டினோ சோஃப் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார். எத்தனையோ வருடம் கழித்து அந்த ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் அந்தப் பேப்பரில் இருந்தது. ஆசிரியர் அவர்களே, ஒரு செய்தியாளர் எழுதிய அரைப் பத்தியின் வேலை இது. கண்ணால் காணாத ஆட்டம் எனக்கு நிமிடவாரியாக நினைவிருக்கிறது. கூடவே ஆடிய ஆட்டம் எனக்கும் என் நண்பனுக்கும் வேறு வேறாக இருக்கிறது.

1986-ல் நான் சென்னை மண்ணடியில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தேன். மரடோனா இங்கிலாந்தைச் சாய்த்த ஆட்டத்தை அங்கேதான் தூர்தர்ஷனில் பார்த்தேன். அதைப் பற்றி உங்கள் வாசகர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மரடோனா பந்தைக் கையால் தட்டிப் போட்ட அந்தக் கோலின்போது கடையில் இருந்த ஒருவருக்கும் விஷயம் பிடிபடவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் எதற்காகக் கையைக் கையைக் காட்டி நடுவர் பின்னால் ஓடுகிறார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தோம். மறுபடி போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. நாலே நிமிடத்தில் பாதி மைதானத்தைத் தாண்டி ஓடி அந்த இரண்டாவது கோலைப் போட்டதும், பிரேசில் கட்சிக்காரனான நானே எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, ஊருக்கு வருகிறேன். எங்கள் கோல் போஸ்ட் சவுக்குக் கம்பு. வலை, பழைய நண்டு வலை. பந்துக்கு எதிரி கருவமுள். பிளாடர் பந்தில் எங்கே பஞ்சர் என்று சைக்கிள் கடையில் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து ஒட்டி, மறுபடி லேஸ் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். தோல் பந்து ஒருமுறை கடலில் விழுந்தால் போச்சு, அன்றைக்கு அதைத் தலையால் முட்டுகிறவன் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. காற்று வேறு. ஆடியில் கச்சான் அடிக்கும்போது ஒரு பக்கத்துக் கீப்பர் கோல் கிக் அடித்தால் பந்து கார்னருக்குத் திரும்பி வரும். டாஸில் ஜெயித்தவன் முதலில் பார்ப்பது பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான்.

ராமேஸ்வரம் தீவிலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் பையன்கள் எங்களோடு ஆட ரயிலில் வருவார்கள். 1988 அக்டோபர் 2 அன்று ரோடு பாலம் திறக்கும்வரை அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால் ஆட்டம் எப்போது முடியும் என்பதை ரயில்தான் முடிவு செய்யும். ஒரு கோல் பின்தங்கியிருந்தால் 'ரயில் லேட்டாம்' என்பார்கள், முன்னால் இருந்தால் 'வண்டி வந்துவிடும், விசிலை ஊதுங்க' என்பார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பற்றி எழுத இன்னொரு கடிதம் வேண்டும். இடது பக்கம் வெட்டிப்போகிற விங்கர் ஒருவன் தங்கச்சிமடத்தில் இருந்தான். அவன் அளவுக்குக் கால் உள்ள ஆளை இந்த மாவட்டத்தில் பிறகு நான் பார்த்ததில்லை.

1990-க்கு வருகிறேன். ஜூன் 8, மிலான் நகரில் முதல் ஆட்டம். நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவைக் கேமரூன் 1-0 என்று கவிழ்த்தது. நம்மூர் மணி ராத்திரி 9.30. அப்போது எங்கள் பக்கம் டிவி வந்துவிட்டது. கேமரூனில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேராக இருக்கும்போது ஓமம் பியிக் எம்பி முட்டி கோல். முடியும்போது ஒன்பது பேர்தான் இருந்தார்கள். எங்கள் சென்டர் ஃபார்வர்டு அன்று சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். நான் டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் கோபம் கூடியது.

அந்த ஆட்டம் முடிந்து சில நாளில் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியது. படகு படகாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். சில படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு எதிரே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கிருந்து நம் ஆட்கள் போய் ஏற்றிவர வேண்டும். பதிவு முடிந்து மண்டபம் கேம்புக்கு வந்தவர்களில் மன்னார்ப் பையன்களும் யாழ்ப்பாணத்துக் கரையோரப் பையன்களும் நிறைய. அங்கேயும் கடலோர ஊர்கள் பந்தாட்டத்துக்குப் பேர்போனவை. கேமரூன் கொலம்பியாவை 2-1 என்று ஜெயித்த ராத்திரி அவர்களில் சிலர் எங்களோடு கடை வாசலில் நின்று பார்த்தார்கள். கொலம்பியாக் கீப்பர் இகீட்டா கோலை விட்டு எங்கோ தூரத்தில் வந்து பந்தோடு விளையாட, ரோஜர் மில்லா பறித்துக்கொண்டு ஓடிப் போட்டாரே, அந்த ஆட்டம். மில்லாவுக்கு வயது 38. கொடிக் கம்பத்துப் பக்கம் அவர் இடுப்பை ஆட்டி ஆடியதும், மூன்று நாளைக்கு முன்னால் படகில் வந்து இறங்கிய ஒரு பையனும் அதேபோல ஆடினான். கடைக்காரர் அவனிடம் காசு வாங்கவில்லை.

அவர்களில் ஒருத்தன்தான் ஒருநாள் தரவைக்கு வந்து கேட்டான்: "அண்ணை, ஒரு மேட்ச் விளையாடுவமோ?"

ஆட்டம் 1991 பொங்கல் கழிந்து நடந்தது. வாடைக் காலம். வடகடல் பொங்கிக்கொண்டிருந்தது. டாஸ் எங்களுக்கு. முதல் பாதி காற்றோடு ஆடினோம். எங்கள் ஆட்டம் தெரிந்த ஆட்டம்தான்: பின்னாலிருந்து தூக்கி அடி, சென்டர் ஃபார்வர்டு ஓடு. காற்று தூக்கிக்கொண்டு போனது, இரண்டு கோல் விழுந்தது. இரண்டும் அவர் போட்டதுதான், அதில் சண்டை இல்லை. எதிர்ப்பக்கம் எல்லாரும் வெறுங்கால். ஒரே மாதிரிச் சட்டை வேண்டுமே என்று வெள்ளைப் பனியனைச் சொட்டு நீலத்தில் அடர்த்தியாக முக்கிக் காயப்போட்டுப் போட்டிருந்தார்கள். வேர்க்க வேர்க்க நீலம் கழுத்திலும் கையிலும் இறங்கியது. பந்தை அவர்கள் தரையை விட்டுத் தூக்கவே இல்லை. ஆறடி, எட்டடி தூரத்துக்குத் தட்டித் தட்டி, காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி வந்தார்கள். இடைவேளைக்கு முன்னால் ஒன்று திருப்பினார்கள். 2-1.

இரண்டாம் பாதியில் நான் இருந்த பக்கமாகவே வந்தான் ஒருத்தன். ஒல்லி, நெற்றியில் தழும்பு. வலது காலால் உள்ளே வருவதுபோல் காட்டிவிட்டு வெளியே போவான். மூன்றாவது முறை தெரிந்துகொண்டு வெளியே காத்திருந்தேன், உள்ளே போய்விட்டான். அதுதான் 2-2. கரையில் கேம்புப் பெண்கள், குழந்தைகள் எல்லாம் வந்து நின்றிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களே பாதிப் பேர் அந்தப் பக்கம் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தால் தட்டியிருப்பேன்.

இனிதான் வழக்கு. வெளிச்சம் மங்கிவிட்டது. அதே ஒல்லிப் பையன் என்னைத் தாண்டி அடித்தான். பந்து கோலுக்குள் போயிற்று, நண்டு வலையில் ஒரு பொத்தல் இருந்தது, அதன் வழியாகப் பின்னால் உருண்டது. நான் சொல்வது இது, அதாவது 3-2 என்று தோற்றோம். கீப்பர் காக்கா சொல்வது வேறு: பந்து போஸ்ட்டுக்கு வெளியேதான் போனது, வலைக்குள் வரவே இல்லை. நடுவர் நீளமாக விசில் ஊதினார். அது கோலுக்கு ஊதிய விசிலா, ஆட்டம் முடிந்த விசிலா? அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எங்கள் ஆட்கள் டிரா என்று நினைத்துக் கைகொடுக்கப் போனார்கள். நடுவரிடம் அப்போது யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தன் கணக்கு சரி என்ற நினைப்பு. கேட்கத் தோன்றியபோது அவர் காலமாகிவிட்டார். சென்டர் ஃபார்வர்டு நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர், அவர் சாட்சியம் எடுபடாது. ஐஸ் கம்பெனிக்காரர் அந்த நிமிடத்தில் கடலை வாங்கிக்கொண்டிருந்தார். எல்லா ஆட்டத்துக்கும் வந்த மனிதர், தேவைப்பட்ட ஒரே நேரத்தில் கடலை வாங்கப் போயிருக்கிறார்.

ஆட்டம் முடிந்து பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். மாசியில் இன்னொரு ஆட்டம் வைக்கப் பேச்சு இருந்தது, தள்ளித் தள்ளிப் போனது. அந்த மே மாதம் 21-ம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்கு அப்புறம் கேம்பில் கெடுபிடி வந்துவிட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதும் பழையபடி இல்லை. பலரை வேறு மாவட்டத்து முகாம்களுக்கு மாற்றினார்கள், சிலர் திரும்பிப் போனார்கள் என்றார்கள். அந்தப் பதினோரு பேரை மறுபடி ஒன்றாகப் பார்க்கவில்லை. ஒருவர் பெயரும் எங்களிடம் எழுத்தில் இல்லை.

இது எழுத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் எங்களிடம் உதாரணம் இருக்கிறது. எண்பதுகளில் ஒருமுறை எங்கள் ஆட்டம் ஒரு பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அவசரத்தில் கோல் போட்டவர் பெயருக்குப் பதில் கீப்பர் காக்காவின் பெயரை அச்சடித்துவிட்டார்கள். அவர் அதை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்ஸில் வைத்திருக்கிறார். கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டாரிடம் காட்டினார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. உண்மையில் கோல் போட்டவர் எங்கள் சென்டர் ஃபார்வர்டு, அவர் இன்றைக்கும் கொதிக்கிறார். ஆனால் பாருங்கள், அந்த ஆட்டத்தின் தேதி, எதிரணி, ஸ்கோர் எதிலும் எங்களுக்குள் சண்டை இல்லை. பேப்பரில் இருக்கிறது. தப்பாக வந்த இரண்டு வரிக்கே இவ்வளவு பலம்.

எங்கள் பி.டி. வாத்தியார் பட்டாளத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து வந்தவர். பீட்டர் தங்கராஜ் கீப்பராக நின்று ஆடியதைப் பார்த்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், ஒரு கையால் பந்தை எடுத்து நடுக்கோட்டைத் தாண்டி எறிவார் என்று அவர் சொல்லும்போது எங்கள் காக்கா வாயைப் பிளந்து கேட்பார். 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து இந்தியா ஆசியத் தங்கம் வாங்கியபோது கோலில் நின்றவர் தங்கராஜ்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் 3-1 என்று தோற்றோம், அந்த ஒரு கோலைப் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். அதன் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்கே போகவில்லை என்பதால் இன்றுவரை அதுதான் கடைசிக் கோல். தோற்ற ஆட்டத்தில் விழுந்த ஒரு கோலையும் யாரோ குறித்து வைத்ததால்தான் மண்டபத்து டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்ல முடிகிறது.

இப்போது என் கோரிக்கை. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வேறெதற்கும் இடம் இல்லை, அது தெரிந்ததுதான். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் கால்பந்தில் தேசிய சாம்பியன் ஆனபோதே எவ்வளவு இடம் கிடைத்தது என்பதும் தெரியும். அதனால் நான் படம் கேட்கவில்லை, கட்டுரை கேட்கவில்லை. மாவட்டப் பதிப்பில் வாரத்துக்கு ஒருநாள் ஒரு ஓரம் கொடுங்கள். இங்கே மின்னொளிப் போட்டி, எழுவர் போட்டி என்று ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஊர், தேதி, இரண்டு அணி, ஸ்கோர், கோல் போட்டவர்கள் பெயர். இதற்கு இரண்டு வரி போதும். பையன்கள் செல்போனில் வீடியோ எடுக்கிறார்களே என்பீர்கள். எடுக்கிறார்கள். போன் மாறும்போது அதுவும் போய்விடுகிறது, எந்த ஊர், எந்த வருடம் என்று அதில் எழுதியிருப்பதும் இல்லை. போட்டி நடத்துகிறவர்களே முடிவை அனுப்பிவைப்பார்கள், உங்கள் நிருபர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. விளம்பரம் வந்தால் முதலில் அந்த ஓரத்தைத்தான் தூக்குவீர்கள் என்றும் தெரியும். மாதத்தில் இரண்டு முறையாவது தூக்காமல் இருங்கள்.

இன்னொரு சின்ன உதவி. 1991 தை மாதம் மண்டபத்தில் நீலம் முக்கிய பனியன் போட்டு எங்களோடு ஆடியவர் யாராவது இப்போது திருச்சியிலோ மன்னாரிலோ கனடாவிலோ இருந்து இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் முகவரிக்கு ஸ்கோரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெயர்களையும் சேர்த்து எழுதட்டும். நெற்றித் தழும்புக்காரன் பெயர் கட்டாயம் வேண்டும். 2-2 என்று பதில் வந்தால் அச்சில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சென்டர் ஃபார்வர்டுக்கு முன்னால் நான் பேப்பரைப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் பேக்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.